எடை மெஷினை யார் பிடித்திருக்கிறார்கள்

அன்று காலை எடைக் கொட்டகையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேனேஜர். சேலம் தலைமை அலுவலகத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வந்திருந்த சிஸ்டம் ஆபீசர் தேவகி மேடம். மூட்டைகளை எடை போடும் வெள்ளையன். காப்பிப் பழம் விற்க வந்த வெள்ளக்கடை ஊர்க் குப்பாயியம்மா. மூட்டை தூக்கும் மாது. ஆறாவது ஆள் நான், கம்ப்யூட்டர் அட்டெண்டர் முத்து. ஏழாவதாக யாரும் இல்லை. தாங்களும் அங்கே நின்று பார்த்ததாக ஒண்டிக்கடை முக்கில் டீ குடித்துக்கொண்டே கதை சொன்னவர்கள் நிறையப் பேர் உண்டு. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

வெள்ளையனைப் போலீசில் ஒப்படைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காகத்தான் அன்று கூடினோம். குற்றம், பழம் திருடியது. மேனேஜர் புகாரை எழுதியே வைத்திருந்தார். மேடம் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை என்று. அவ்வளவுதான் பாக்கி.

இப்போது என் இடத்தில் வேலை பார்க்கும் கவிதா போன மாதம் போன் செய்தது. "ஏனுங்கண்ணா, ஸ்கேனர் பிஸின்னு வருது. ஒயரப் புடுங்கி மறுபடி சொருகட்டுங்களா?" என்று கேட்டது. "புடுங்காத கண்ணு, யாரு புடிச்சிருக்காங்கன்னு மொதல்ல பாரு" என்று சொல்லி, செய்ய வேண்டியதை வரி வரியாகச் சொன்னேன். முடிந்ததும், "இதையெல்லாம் எழுதி வையுங்கண்ணா" என்றது. அது கேட்டது கம்ப்யூட்டரில் அடிக்கிற கமாண்டை. நான் எழுத உட்கார்ந்தால் வெள்ளையன்தான் வருகிறார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. காப்பிப் பழம் வாங்கிப் பதப்படுத்தும் இந்தக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குத் துணி போர்த்துகிற வேலையும் என்னிடம் வந்தது. மலையில் மழைக்காலத்து ஈரம் சுவருக்குள் வரைக்கும் இறங்கும். மெஷின் செத்துவிடுமோ என்று ராத்திரி படுக்கையில் புரண்டுகொண்டிருப்பேன். சுவிட்சை அணைத்தேனா என்று பாதி வழி போனவன் திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போனவன் மறுபடியும் வருவேன். இந்தப் பயத்தைப் பார்த்துத்தான் அந்த மெஷின்களை என் பொறுப்பில் விட்டார்கள் என்று நினைக்கிறேன். படிப்பைப் பார்த்து இல்லை. பில் போடுவது, பேக்கப் எடுப்பது, பிரிண்டருக்குப் பேப்பர் வைப்பது எல்லாம் நாளடைவில் கைக்கு வந்தன.

எங்கள் மெஷின்களில் ஓடியது லினக்ஸ். தேவகி மேடம்தான் அதற்கு அதிகாரி. மாதம் ஒருமுறை மேலே வருவார். கீபோர்டை அவர் தொட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. என் நாற்காலிக்குப் பின்னால், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நிற்பார். "ம், அடிங்க" என்பார். திரையில் பதில் வந்ததும் "படிங்க" என்பார். மனசுக்குள் படிக்கக் கூடாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். பின்னால் கணக்குப்பிள்ளைகள் சிரிப்பார்கள். மேடம் திரும்பி அவர்களைப் பார்ப்பார். சிரிப்பு நின்றுவிடும். நான் மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்குவேன். கண் அவசரப்பட்டு ஒரு வரியைத் தாண்டிவிடும், வாய் அப்படித் தாண்டாது என்பது அவர் கணக்கு.

ஒருமுறை சீட்டு அடிக்கும் பிரிண்டர் 'பிஸி' என்று சொல்லி நின்றுபோனது. நான் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பாதி அடித்த சீட்டு உள்ளே மாட்டி, அரை நாள் வேலை கெட்டது. மேடம் திட்டவில்லை. "பிஸின்னா என்னங்க அர்த்தம் முத்து?" என்று கேட்டார்.

"வேலையா இருக்குதுன்னு அர்த்தமுங்க."

"யாரோ ஒருத்தரு அதைப் புடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அது யாருன்னு தெரியாம நாம எப்படிங்க புடுங்கறது?"

பிறகு விளக்கினார். லினக்ஸ் மெஷினில் பிரிண்டர், பேக்கப் டிஸ்க், எடை மெஷின் எல்லாம் உள்ளே ஒரு ஃபைல் போலத்தான் இருக்கும். ஏதாவது ஒரு புரோகிராம் ஓடும்போது, அந்த ஃபைலைத் திறந்து கையில் வைத்திருக்கும். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு நம்பர் உண்டு, அதைத் தொடங்கிய ஆளின் பெயரும் உண்டு. ஃபியூசர் என்று ஒரு கமாண்ட். அதை அடித்து, பக்கத்தில் அந்தச் சாதனத்தின் பெயரையும் அடித்தால், யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஆள் பெயர், நம்பர், புரோகிராம் பெயர் மூன்றையும் காட்டிவிடும். அதே கமாண்டோடு ஒரு 'கே' சேர்த்தால் பிடித்திருப்பவர்களை எல்லாம் கேட்காமல் கொன்றுபோடும்.

"அந்தக் கே உங்க விரலுக்குத் தெரியவே கூடாது. மொதல்ல பேரு. அப்பறம் அந்த ஆளைக் கூப்பிட்டு என்ன பண்ணிட்டு இருக்காருன்னு கேக்கணும். அதுக்கப்பறந்தான் மத்ததெல்லாம்."

இன்னொரு நாள், சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பேக்கப் டிஸ்க் கழற்ற விடமாட்டேன் என்றது. கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கொண்டுபோகிற ஆள் பையைத் திறந்து வைத்து நின்றான். "புடுங்கிக் குடுய்யா, பஸ் போயிரும்" என்று மேனேஜர் கத்தினார். இருந்தாலும் கமாண்டை அடித்தேன். வாய்விட்டுப் படித்தேன். பிடித்திருந்தது முத்து. நானேதான். காலையில் திரையில் வேறொரு ஜன்னலைத் திறந்து, அந்த டிஸ்க்குக்குள் போய் நின்றுவிட்டு, மூடாமல் மறந்திருக்கிறேன். அலுவலகம் முழுக்கச் சிரித்தது. "போலீஸ்காரரே திருடரு" என்றான் மாது. அந்தப் பெயர் எனக்கு ஒரு வருஷம் நின்றது.

கெட்ட காலம் அதற்குப் பின்பு ஒரு பழ சீசனில் வந்தது.

எங்கள் கொட்டகையில் எடை போடும் முறை இது. மூட்டையை மாது மேடையில் வைப்பான். எண் ஓடி நின்றதும் வெள்ளையன் ஒரு பட்டனை அமுக்குவார். மெஷின் கீச்சென்று கத்தி, எடையை ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பில் புரோகிராம் அதை வாங்கி அந்த விவசாயியின் கணக்கில் கூட்டும். மாது உடனே மூட்டையை அவிழ்த்துப் பழத்தைத் தொட்டியில் கொட்டிவிடுவான். அங்கிருந்து அது தோல் உரிக்கும் பல்ப்பருக்குப் போய்விடும். எல்லா மூட்டையும் முடிந்த பிறகு சீட்டு வரும், இத்தனை மூட்டை, இத்தனை கிலோ என்று. கொட்டின பழத்தை மறுபடி எடுத்து எடை போட வழி கிடையாது. முற்றத்தில் ஆளும் மூட்டையும் நெரிகிற நேரத்தில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் திரையை யாரும் பார்ப்பதும் கிடையாது.

முதலில் ஒருவர், தன் சீட்டில் ஒரு மூட்டை குறைகிறது என்று சொன்னார். அவரே தப்பாக எண்ணியிருப்பார் என்று எல்லாரும் விட்டுவிட்டோம். மேனேஜர் விடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து புகார் தினமும் வந்தது. ஒன்பது கொண்டு வந்தவருக்கு ஏழு. ஐந்துக்கு மூன்று. வெள்ளையனின் மச்சான் சடையனும் எங்களுக்குத்தான் பழம் போடுகிறவர். குறைகிற மூட்டையெல்லாம் மச்சான் பேரில் ஏறுகிறது என்று மேனேஜர் சொல்லத் தொடங்கினார். சடையன் கணக்கைப் பார்த்தால் அப்படி எதுவும் தெரியவில்லை. "தெரியற மாதிரியா செய்வான்?" என்றார் மேனேஜர்.

புகார் சொன்ன விவசாயிகளுக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. அந்தப் பணத்தை வெள்ளையன் சம்பளத்தில் பிடித்தார்கள்.

வெள்ளையன் என்னிடம் வந்தார். "ஏனுங்ணா, பட்டன் அமுக்கறேன், மெஷினு கத்துது. மாதுவும் கேக்கறான். அப்பறம் மூட்ட எங்கீங்ணா போவுது?"

நான் அன்றே ஃபியூசர் போட்டுப் பார்த்தேன். எடை மெஷினைப் பிடித்திருந்தது பில் புரோகிராம் ஒன்றுதான் என்று வந்தது. ஒயரை மாற்றினேன். பட்டனைத் துடைத்தேன். எடைக்கல் வைத்து அமுக்கிப் பார்த்தேன், சில நேரம் எல்லாம் சரியாக ஏறியது. சில நேரம் ஏறவில்லை. ஏன் என்று புரியவில்லை. வெள்ளையன் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு வழியாக வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். தன் பேரும் கெடுகிறதென்று சடையனும் வெள்ளையனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மேனேஜர் கொட்டகைக்கு வந்து பக்கத்தில் நின்றால் ஒரு மூட்டைகூடக் குறையாது. அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனால் குறையும். "நான் நின்னா யோக்கியன், நான் போனா திருடன். இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஒரு நேரம் எனக்கே சந்தேகம் வந்தது.

அன்று காலை மேடம் வந்ததும் கையெழுத்துப் போடாமல் முதலில் வெள்ளையனிடம் பட்டனை அமுக்கிக் காட்டச் சொன்னார். பிறகு மேனேஜரிடம் திரும்பினார்.

"மூட்டை வந்தது, ஆனா சீட்டுல ஏறலைன்னு எப்படிங்க சார் உறுதியாச் சொல்றீங்க?"

"எனக்கு வழி இருக்குங்க மேடம். என் ரூம்ல திறந்தே வச்சிருக்கேன். வந்து பாருங்க. இவன் போட்ட எடை அங்க இருக்கும், சீட்டுல இருக்காது. ஒண்ணு ரெண்டு இல்ல."

மேடம் அவருடைய அறைக்குப் போகவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "உக்காருங்க முத்து. எடை மெஷினை யாரு புடிச்சிருக்காங்கன்னு பாக்கலாம்."

"பார்த்துட்டனுங்க மேடம். பில் புரோகிராம் மட்டுந்தானுங்க."

"உங்க பேர்ல பார்த்தீங்களா, ரூட்ல பார்த்தீங்களா?"

ரூட் என்பது மெஷினின் முழு அதிகாரம். அந்த பாஸ்வேர்டு எனக்குக் கிடையாது. சாதாரணப் பெயரில் கேட்டால், அந்தப் பெயரில் ஓடுவதைத்தான் மெஷின் சொல்லும், அடுத்த ஆள் கையில் வைத்திருப்பதைச் சொல்லாது. இது எனக்கு அதுவரை தெரியாது. கீபோர்டைத் தொடாத மேடம் அன்று தொட்டார். நாங்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, பாஸ்வேர்டை அடித்தார். "ஃபியூசர், பக்கத்துல எடை மெஷினோட பேரு. இப்ப நீங்க அடிங்க" என்றார். அடித்தேன்.

fuser -v /dev/ttyUSB0

இரண்டு வரி வந்தது.

"படிங்க."

முதல் வரியைப் படித்தேன். பில் புரோகிராம், அதன் நம்பர், முத்து என்கிற பெயர். அதோடு நின்றேன். இரண்டாவது வரியை என் கண் அதற்குள் பார்த்துவிட்டது. எனக்கு ஓய்வு பெறச் சில மாதங்கள்தான் இருந்தன. வர வேண்டிய பணத்துக்குக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் எனக்கு இடது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டையில் அடித்திருந்த சென்ட் வாசனை எனக்கு வந்தது. வெள்ளையன் மேடைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அடுத்த வரி" என்றார் மேடம். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

எழுத்துக்கூட்டினேன். எம், ஏ, என். மறுபடி ஏ. பாதியிலேயே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இருந்தாலும் கடைசி எழுத்து வரைக்கும் படித்தேன். "மேனேஜருங்க மேடம். புரோகிராம் பேரு சி, ஏ, டி. கேட்."

"கேட்டுன்னா பூனைதானுங்க? பூனையா தின்னுது பழத்த?" என்றான் மாது. யாரும் சிரிக்கவில்லை.

முதல் புகார் வந்த அன்றே மேனேஜர், ஒயர் மாற்ற வந்த சர்வீஸ் ஆளிடம் ரகசியமாகச் சொல்லித் தன் அறைக் கம்ப்யூட்டரிலிருந்து கொட்டகை மெஷினுக்குள் போகிற ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார். அதைத் திறந்தால் கேட் என்கிற புரோகிராம் ஓடி, எடை மெஷின் அனுப்புகிற எடை அப்படியே திரையில் ஓடும். வெள்ளையனுக்குத் தெரியாமல் கண்காணிக்க. வெளியே வரும்போது யார் கண்ணிலும் படாமல் இருக்க மூடிவிட்டு வருவார். அன்று மேடத்துக்குக் காட்டுவதற்காகத் திறந்தே விட்டிருந்தார்.

"பார்த்தா என்னங்க? பார்க்கறது திருட்டா?" என்றார் மேனேஜர்.

"சும்மா பார்க்கலீங்க சார், வாங்கிக்கறீங்க. மெஷின் ஒரு எடையை ஒரு தடவைதான் அனுப்பும். ரெண்டு பேர் கைய நீட்டினா ஒண்ணு இவருக்குப் போகும், ஒண்ணு அவருக்குப் போகும். உங்களுக்கு வந்தது பில்லுக்கு வராது."

மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. மேடம் வாக்குவாதம் செய்யவில்லை. எடைக்கல் ஒன்றை மேடையில் வைக்கச் சொன்னார். வெள்ளையன் பத்து முறை பட்டனை அமுக்கினார். மெஷின் பத்து முறை கத்தியது, நாங்கள் எல்லாரும் எண்ணினோம். சீட்டு அடித்துப் பார்த்தோம். ஐந்து. பிறகு எல்லாருமாக மேனேஜர் அறைக்குப் போனோம். குப்பாயியம்மா அந்த அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும், செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தது. திரையில் புதிதாக ஐந்து வரி.

"சீட்டுல இல்லாதது உங்க திரையில இருக்கான்னு பார்த்தீங்க. திரையில இல்லாதது சீட்டுல இருக்கான்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார் மேடம்.

குப்பாயியம்மா திரைக்குக் கிட்டே போய் விரலை நீட்டியது. "ஏனுங்க மேனேசரு, அப்ப போன வாரத்து ரெண்டு மூட்ட இந்த ரூம்புக்குள்ளதான் கெடந்துச்சுங்களா? அந்த வெள்ளையங்கிட்ட நான் போட்ட சண்ட என்ன, ஏசுன ஏச்சு என்ன! அவன் ஊட்டுக்கார்ச்சி எம்பட மொகத்துலயே முழிக்கறதில்லீங்க."

மேனேஜர் ஜன்னலை மூடினார். "டெக்னிக்கல் ஃபால்ட்" என்றார். புகாரை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போலீஸ் பேச்சு அதோடு முடிந்தது. மேடம் ஒரு ரிப்போர்ட் எழுதினார், வெள்ளையன் மேல் தவறு இல்லை, பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று. எனக்கும் அதைப் படித்துக் காட்டினார்.

வெளியே வந்தபோது பனிமூட்டம் இறங்கி முற்றம் தெரியவில்லை. வெள்ளையன் என் பக்கத்தில் வந்தார். "ஏனுங்ணா, இவன் திருடலேன்னு அவரு வாயில ஒரு வார்த்த, நாலு பேரு இருக்கறப்ப சொல்லுவாருங்களா?"

"சொல்லுவாருங்க" என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. மேனேஜர் சொல்லவில்லை. முற்றத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு மெஷின் கோளாறு சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். சரியானது மெஷின்தான், வெள்ளையன் இல்லை என்று எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதற்குப் பிறகும் வெள்ளையன் பட்டனை அமுக்கும்போது பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணினார்கள். அவர் ஒவ்வொரு மூட்டைக்கும் "அமுக்கிட்டனுங்க" என்று சத்தமாகச் சொல்லுவார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அடுத்த சீசனுக்கு அவரைக் கூப்பிடவில்லை. காரணமும் சொல்லவில்லை.

பணம் அடுத்த மாதச் சம்பளத்தோடு வரும் என்றார்கள். வரவில்லை. விவசாயிகளுக்குக் கொடுத்தாகிவிட்டது, இப்போது இவருக்கு எந்தக் கணக்கில் எழுதிக் கொடுப்பது என்று தலைமை அலுவலகம் கேட்டது. மேடம் இரண்டு முறை பதில் எழுதினார். பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மேனேஜர் ஓய்வு பெற்றுக் கீழே போய்விட்டார். என் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டுத்தான் போனார், எனக்கு வர வேண்டியது ஒரு ரூபாய் குறையாமல் வந்தது. அதை வாங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. கவிதாவை விட்டு இப்போதும் கேட்கச் சொல்கிறேன். ஃபைல் பார்வையில் இருக்கிறது என்று பதில் வருகிறதாம். யார் பார்வையில் என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார்கள்.

வெள்ளையன் இப்போது அடிவாரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் சீட்டுக் கிழிக்கிறார். போன வாரம் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன். இளைத்துவிட்டார். சடையன் பேசுகிறாரா என்று கேட்டேன். "அவன் மக கல்யாணத்துக்குச் சொல்லலீங்ணா" என்றார். மேலே ஏறுகிற ஒரு வண்டிக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தார். என் பஸ் வந்தபோதுதான் கேட்டார், "அந்தக் காசு ஏதாச்சும் தெரியுங்களா?" என்று. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவரும் பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினார். பரவாயில்லை என்று விடுகிற தொகை இல்லை அது. கம்பெனி வெள்ளையனுக்குத் தர வேண்டிய பாக்கி, பதினாலாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.